மூன்றாம் வாரத்து மஞ்சள் கறை

கை சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நல்ல வார்த்தைகள் உங்கள் அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கின்றன. சூரியன் உதிக்கிற படமும், அதன் கீழே நம்பிக்கையைப் பற்றி ஒரு வரியும். அதைப் படித்து எந்த விரலும் மடங்கியதாக எனக்கு நினைவில்லை. என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு தப்பு. அதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில், வயதாகிவிட்டது என்று அனுப்பிவைக்கும்வரை நான் கை சிகிச்சையாளராக இருந்தேன். டாக்டர் கையைத் தைப்பார். தைத்த கையை மறுபடி வேலை செய்ய வைப்பது எங்கள் பாடு. நன்றாக வந்தால் டாக்டரின் கைராசி என்பார்கள். கெட்டுப்போனால் பிசியோவில் போட்டு முறுக்கிவிட்டார்கள் என்பார்கள். நாங்கள் பிசியோ இல்லை என்று விளக்கி விளக்கியே எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. நோயாளிகளுக்கு அந்தக் கவலையே கிடையாது. வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லோரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான், நர்ஸ்தான்.

அந்த நோயாளியை வேலு என்று வைத்துக்கொள்வோம். கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை, வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் இப்போது வரிசை வீடுகளாகிவிட்டது. மகன் ரப்பர் பாலில் தோய்ந்து வரும் கையுறைகளைச் சங்கிலியிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். ஒரு தலைமுறையில் மரத்திலிருந்து பீங்கானுக்கு வந்துவிட்டோம், இதைத்தான் மேடைகளில் முன்னேற்றம் என்கிறார்கள்.

பீங்கான் என்று சொன்னேன் அல்லவா. கையுறை செய்வதற்கு அச்சாகப் பீங்கானில் செய்த கைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு ஓடும். விரிசல் விட்ட ஒரு பீங்கான் கையைக் கழற்றும்போது அது வேலுவின் வலது கைக்குள்ளேயே உடைந்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில் ஆழமாக வெட்டிவிட்டது. அந்த இரண்டு விரல்களையும் மடக்குகிற நாண்கள் அறுந்துபோயின. எங்கள் ஆட்கள் அதை நரம்பு என்பார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுவேன். கை கையை வெட்டிய கேஸ் என்று அறுவை அறையில் எல்லோரும் சிரித்தார்களாம். வெட்டுப்பட்டவர் மயக்கத்தில் இருந்ததால் அவர் மட்டும் சிரிக்கவில்லை.

தைத்தவர் எங்கள் பெரிய டாக்டர். வெளிநாட்டில் படித்தவர். வாழைப்பழத்தைக்கூடக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுவார். தமிழர்தான், ஆனால் கோபம் வந்தால்தான் அவருக்குத் தமிழ் வரும். அதனால் எங்கள் பிரிவில் தமிழ் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அவருடைய தையலைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுடியைவிட மெல்லிய நூலால் அவர் தைத்த நாணைப் பார்த்தால் அவர் திட்டியதெல்லாம் மறந்துபோகும்.

தைத்த நாணுக்கு ஆறு வாரம் கண்டம். விரலை அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு மரக்கட்டையாகிவிடும். பலம் கொடுத்து எதையாவது பிடித்தால் தையல் அறுந்துவிடும். அதனால் முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிவரை கையின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாங்கி வைத்து, பட்டைகளால் கட்டிவிடுவோம். அதற்குள் இருந்தபடியே மணிக்கு ஒரு தரம் விரல்களை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். வேறு எதற்கும் அந்தக் கையைத் தொடக்கூடாது.

வேலுவுக்கு இந்தக் கை எவ்வளவு முக்கியம் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். அவரே சொன்னார்.

"சூப்பர்வைசர் நல்ல மனுசன் மிஸ்ஸி. 'கை மடங்குனா வா வேலு, எடத்த வச்சிருக்கேன்'னு சொல்லிட்டாரு. மடங்கலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்கலா. வெளியில நூறு பேரு நிக்கிறான்."

மூன்று மாதம்தான் அந்த இடம் காத்திருக்கும், அதற்குள் விரல்கள் மடங்க வேண்டும். இதுதான் கணக்கு. நான் அவருக்குத் தாங்கி செய்து மாட்டி, செய்யக்கூடாதவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லி, தாளையும் கையில் கொடுத்தேன். அந்தத் தாளில் ஒரு படம் இருந்தது. பொன்னிறத் தலைமுடி வைத்த ஒரு மனிதர், வலது கையில் தாங்கி, இடது கையில் கரண்டி, முகத்தில் சிரிப்பு. எங்கோ ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் தாளை எடுத்து நாங்கள் மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தோம். மூன்றிலும் அதே மனிதர், அதே கரண்டி.

"புரிஞ்சுதா அண்ணே?"

"சரிங்க மிஸ்ஸி."

"கையெழுத்துப் போடுங்க."

இடது கையால் கோழி கிளறியது மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பேனா வைத்திருப்பவர் எதைச் சொன்னாலும் சரிங்க என்பது தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்களுக்குப் பாலோடு வந்த பழக்கம். துரையிடம் சொன்னார்கள், கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார்கள், இப்போது நம்மிடம் சொல்கிறார்கள். அது புரிந்தது என்று பொருள் இல்லை, இந்த இடத்தை விட்டு நல்லபடியாகப் போக வேண்டும் என்று பொருள். ஈப்போவை அடுத்த லகாட்டில், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில், மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகக்காரர்களின் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியும். அப்படியிருந்தும் தாளைக் கோப்பில் வைத்து மூடினேன்.

முதல் இரண்டு வாரமும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் வாரம் வந்தபோது தாங்கியின் விரல் பட்டையில் மஞ்சள் கறை இருந்தது. ஆள்காட்டி விரலின் நகக்கண்ணிலும் கொஞ்சம் இருந்தது. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அது பருப்புக் குழம்பு.

"என்ன அண்ணே, பட்டைக்கும் சாப்பாடு போடுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வீட்டுக்காரி கொழம்பு ஊத்தையில தெறிச்சிருச்சு மிஸ்ஸி."

குழம்பு தெறித்தால் பட்டையின் வெளிப்பக்கம்தான் படும், நகக்கண்ணுக்குள் போகாது. இது எனக்குத் தெரிந்தது. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொள்ள அரசாங்க வேலையில் தனிப் பயிற்சி தேவையில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் கறையைத் துடைத்தேன். சுத்தமான பட்டையைக் கட்டி, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினேன். கோப்பில் தாங்கி சுத்தம் செய்யப்பட்டது என்று அழகாக எழுதினேன். அன்றைக்கு நான் எழுதியதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

அடுத்த வாரம் வேலு வந்தார். தாங்கியைக் கழற்றி மடக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரல் மடங்கியது. நடுவிரல் மட்டும் எங்கள் இருவரையும் பார்த்து நேராக நின்றது. அப்படி நின்றால் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது தேவைதான் என்று தோன்றியது.

"எப்ப ஆச்சு?"

"நேத்து காலையில மிஸ்ஸி. டக்குன்னு ஒரு சத்தம். வலிகூட இல்ல."

"என்ன செஞ்சீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரொட்டி சானாய் சாப்பிட்டேன்."

முந்தைய நாள் அவருடைய மச்சான் வந்திருக்கிறார். அதே தொழிற்சாலையில் வேலை செய்பவர். சூப்பர்வைசர் இன்னும் இடத்தை வைத்திருக்கிறார் என்ற நல்ல செய்தியைச் சொல்லி, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கு அழைத்துப்போயிருக்கிறார். வேலு தாங்கியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, நம் ஆட்கள் எல்லோரும் செய்வது போல ஒற்றைக் கையால் பரோட்டா போன்ற அந்த ரொட்டியை அழுத்திப் பிடித்துப் பிய்த்திருக்கிறார். அந்த வேலைக்குக் கட்டைவிரலும் அந்த இரண்டு விரல்களும் எவ்வளவு பலம் கொடுக்கின்றன என்று நாளைக் காலையில் நீங்களே பிய்த்துப் பாருங்கள். வேலை போகாது என்ற சந்தோஷத்தில் போனவருடைய நாண் அங்கே அறுந்துபோனது.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், அவருக்குத் தமிழ் வந்தது.

"ரெண்டு மணி நேரம்! ரெண்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம தைச்சேன். நீ போயி அதுல ரொட்டி பிய்ச்சியா? உனக்கெல்லாம் எதுக்குய்யா ஆப்பரேசன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா இல்லையா?"

முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? கோப்பைத் திறந்தேன். கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். நெருக்கடி என்று வந்ததும் முப்பது வருஷ அனுபவம் நேராகத் தாளுக்குத்தான் போனது. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அப்பறம் என்ன? எழுதுங்க. பேசண்ட் சொன்னதக் கேக்கல. இப்பத் தைச்சா மறுபடி பிய்ச்சுட்டு வருவான். காயமெல்லாம் ஆறட்டும், ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க."

அறுந்த நாண் உள்ளே சுருண்டு போய்க்கொண்டேயிருக்கும். ஓரிரு நாளில் பிடித்துத் தைத்தால் உண்டு. ஆறு மாதம் கழித்து என்றால் வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்ட வேண்டும், இரண்டு அறுவை, அப்போதும் மடங்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதற்குள் வேலுவின் இடத்தில் வெளியில் நிற்கும் நூறு பேரில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலுவுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்து அவர் புரிந்துகொண்டிருந்தார்.

அப்போது வேலு பேசினார். "மிஸ்ஸி எல்லாம் தெளிவாத்தான் சொன்னாங்க டாக்டர். அவங்கமேல ஒண்ணும் இல்ல. என் தப்புதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், சரியாகச் சொன்னேனா என்று கேட்பது போல.

பேனா என் கையில் இருந்தது. சொன்னதை எழுதினால் முடிந்தது. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை, நோயாளியே சாட்சி சொல்லிவிட்டார். அந்தப் பார்வை மட்டும் இல்லாவிட்டால் நான் எழுதியிருப்பேன் என்றே நினைக்கிறேன். என்னை ரொம்ப நல்லவளாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

"டாக்டர்," என்றேன், "போன வாரமே பட்டையில மஞ்சள் கறை இருந்தது. தாங்கியைக் கழற்றிச் சாப்பிடுறார்னு எனக்குத் தெரிஞ்சுது. ஏன்னு கேக்கல. துடைச்சு அனுப்பிட்டேன்."

அதற்குப் பிறகு கால் மணி நேரம் அவர் என்னைத் திட்டினார். ஓர் உபகாரம் என்னவென்றால், அவருடைய கோபத்துக்கு ஒரு ஆள் இருந்தால் போதும், இன்னார்தான் வேண்டும் என்று கிடையாது. வேலு நின்ற இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன். அவர் திட்டத் திட்ட, அவருடைய கை தானாக வேலுவின் விரலைப் பிடித்து, அறுந்த நாண் எதுவரை போயிருக்கிறது என்று உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் தீர்ந்ததும், "நாளைக்குக் காலையில மொத கேஸ். ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடக்கூடாது," என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "ரொட்டியும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான், ஒரு வாரம் தாமதமாக, நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஏன் அண்ணே? இடது கையில கரண்டி புடிச்சுச் சாப்பிடச் சொல்லித்தானே படம் கொடுத்தேன்?"

வேலு தன் இடது கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொத ரெண்டு வாரம் வீட்டுக்காரி ஊட்டி விட்டா மிஸ்ஸி. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி ஊட்டல. அப்பறம் அவளுக்கு சிப்ட் மாறிப்போச்சு. தப்பா நெனைக்காதீங்க. சோத்துக் கை கட்டுல கெடக்கு. காலையில கழுவுறதும் இந்தப் பீச்சாங்கைதான். அதே கையில கரண்டியப் புடிச்சு வாயில வைக்கணும்னா எறங்க மாட்டேங்குது. ரெண்டு தரம் வாந்தி வந்துருச்சு. கடையில ஒக்காந்து அந்தக் கையில சாப்பிட்டா பக்கத்துல உள்ளவன் எந்திரிச்சுப் போயிருவான்லா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பொம்பளைங்க கிட்ட இதயெல்லாம் எப்படி மிஸ்ஸி சொல்றது?"

என் வீட்டிலும் சோறு கையால்தான். எங்கள் பிரிவில் இருந்த தமிழர்கள், மலாய்க்காரர்கள் எல்லோரும் வலது கையால் சாப்பிட்டு, இடது கையால் கழுவுகிறவர்கள்தான். ஒரு பொருளை நீட்டினால்கூட வலது கையால்தான் நீட்டுவோம். நாள் முழுக்க வலது கைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் கேண்டீனில் வலது கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வந்து, சிரிக்கிற வெள்ளைக்காரன் படத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தலை நிறையப் படிப்பு இருந்தால் சில விஷயங்களுக்கு அங்கே இடம் இருப்பதில்லை.

அன்று மத்தியானம் கேண்டீனில் நான் இடது கையால் சாப்பிட்டுப் பார்த்தேன். கரண்டியை வாய்வரை கொண்டுபோனேன், வாய் திறக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்த் தோழி, "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டுத் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அவரோடு இருபது வருஷப் பழக்கம் எனக்கு.

மறுநாள் டாக்டர் தைத்தார். மூன்றாம் நாள் நான் புதுத் தாங்கி செய்தேன். இந்த முறை அதன் பக்கவாட்டில் ஒரு சாப்பாட்டுக் கரண்டியின் காம்பை வளைத்து, சூடாக்கிய பிளாஸ்டிக்கால் சுற்றி அழுத்தி ஒட்டினேன். விரல்களுக்கு வேலையே கிடையாது. தோளும் முழங்கையும் தூக்க, கரண்டி வாய்க்குப் போகும். ஆனால் சாப்பிடுவது வலது கைதான். தாளெல்லாம் கொடுக்கவில்லை. வேலுவை என் மேசையில் உட்காரவைத்து, சோற்றையும் பருப்பையும் கடையில் கட்டி வாங்கிய தாப்பாவ் பொட்டலத்திலிருந்து பிரித்து வைத்து, சாப்பிடுங்கள் என்று எதிரே உட்கார்ந்து பார்த்தேன். முதல் கவளம் கன்னத்தில் போனது. இரண்டாவது சட்டைப்பையில் விழுந்தது. கரண்டியைக் கழற்றி, வளைவை மாற்றி, மறுபடி ஒட்டினேன். நான்காவது தடவை சோறு வாய்க்குள் போனது. வேலு மென்றுகொண்டே தலையாட்டினார். ஒரு மனிதர் ஒரு வாய் சோறு சாப்பிட்டதற்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். கரண்டியைப் பார்த்தார். "என்ன இது, துடுப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலம் என்றால் கோபம் இல்லை. பிறகு வலது கைக் கட்டோடு வந்த ஒவ்வொருவரையும், "அந்தத் துடுப்பைப் போட்டு விடுங்கள்," என்று என்னிடம் அனுப்பத் தொடங்கினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் படம் போட்டுக் காட்டி, தமது பிரிவின் புதிய முயற்சி என்று பேசினார். பேச்சு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

இப்போது நீங்கள் நல்ல முடிவை எதிர்பார்ப்பீர்கள். பாதி நல்ல முடிவுதான். இரண்டாம் தையல் அறுந்துபோகவில்லை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தி பட்டால் தழும்பு தடித்துவிடும். ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கியது. நடுவிரல் உள்ளங்கையை எட்டாமல் பாதியில் நின்றுவிட்டது. கையுறையை உரிக்கிற வேகம் அந்தக் கைக்கு வரவில்லை. சூப்பர்வைசர் நிஜமாகவே நல்ல மனிதர், வேலுவை வெளியே அனுப்பவில்லை. பெட்டிகளில் சீட்டு ஒட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார். அங்கே உட்கார்ந்தவருக்கு மேலே போக வழியில்லை. எங்கள் அளவுகோல்படி இது திருப்திகரமான பலன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் கையில் எல்லா விரல்களும் மடங்கியிருக்கும்.

மூன்றாம் வாரம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் தையலே நின்றிருக்கும், நடுவிரல் முழுதாக மடங்கியிருக்கும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உங்கள் நோயாளி சொன்னபடி கேட்கவில்லை என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் கழுவுகிறார், எந்தக் கையால் சாமி கும்பிடுகிறார் என்று கேட்டுவிட்டீர்களா என்று ஒரு தரம் பாருங்கள். கேட்கவில்லையென்றால் பேனாவைக் கீழே வையுங்கள்.

வேலுவின் கடைசி வருகையன்று, அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சுற்றிவளைக்கவில்லை. "அண்ணே, அந்த விரல் இப்படி நின்னதுக்கு நான்தான் காரணம். நான் பாத்தும் கேக்கல. என்னை மன்னிச்சிருங்க," என்றேன்.

அவர் பதறிப்போய் எழுந்தார். வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க மிஸ்ஸி," என்றார். "யாராச்சும் கேட்டுட்டா உங்க வேலைக்கு ஆபத்தாயிரும்."

அப்படிச் சொல்லிவிட்டு, வலது கையால் கைப்பிடியைப் பற்றிக் கதவைச் சாத்தினார். மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டன. நடுவிரல் வெளியே நின்றது.